ஒரு சொட்டும் படாத மூளை

என் மூளையை மாதிரிக்கு எடுத்தார்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள் கண்ணு, நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, தலைக்கனம் வந்தது. அந்தத் தலைக்கனத்தில் என் வீட்டுக்காரரைக் கிட்டத்தட்டக் கொன்றே இருப்பேன். அந்தக் கதைதான் இது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேசைமேல் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, கைமடிப்பு கோணியிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். முப்பது வருடமாக இதே மேசை. வசந்தாமணி கண்ணுக்குத் தப்பிய ஓட்டை கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லவில்லை, அதனால்தான்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அறுபது அடுக்குத் துணியை ஒரே வெட்டில் கோடு பிசகாமல் அறுத்துவிடுவார். அவருடைய குடிக்கு வயது இருபத்தாறு. சாயந்திரம் குடித்தால்தான் காலையில் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்து, அப்புறம் காலையிலும் குடித்தால்தான் நிற்கும் என்றாயிற்று. சித்திரையில் ஒரு நாள் கோவில் நோன்பு என்று காலையில் குடிக்காமல் வந்தார். கை நடுங்கியது. மெஷின் அவருடைய இடது சுண்டுவிரல் நுனியை எடுத்துக்கொண்டது. துணி வெள்ளைத் துணி, அறுபது அடுக்கும் வீணாய்ப் போயிற்றே என்றுதான் சூப்பர்வைசர் முதலில் வருத்தப்பட்டார்.

கட்டு அவிழ்த்த அன்று இவரே சொன்னார்.

"புள்ள, அடுத்தது கை போயிரும். அந்தப் பொட்டு வெக்கற எடத்துக்குப் போலாமா?"

அந்த வருடம்தான் பொட்டு வைத்தியம் ஊருக்குள் வந்திருந்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு மிளகளவு கருவி வைப்பார்கள். தெளிவகம் என்று ஒரு அறக்கட்டளை அவிநாசி ரோட்டில் அதற்காகவே ஒரு மையம் திறந்திருந்தது. அங்கே இருந்த டாக்டரின் பெயர் தபசும், சின்ன வயசு. வேலூர்ப் பக்கத்துப் பெண். என்ன கேட்டாலும் பொறுமையாகச் சொல்லும். நான் என்னவெல்லாமோ கேட்டேன்.

"மூளைக்குள்ள ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்றது ரசாயனத்துலதாம்மா," என்றது. "நெறைய ரசாயனம் இருக்கு. நாம ரெண்டப் பத்தி மட்டும் பேசுவோம். ஒண்ணு 'அடங்கு அடங்கு'ன்னு சொல்லும். அது காபா. இன்னொண்ணு 'முழிச்சுக்கோ'ன்னு சொல்லும். அது குளூட்டமேட். ரெண்டும் சமமா இருந்தா நாமளும் சமமா இருப்போம்."

"குடிச்சா என்னாகுதுங்க?"

"அடங்குங்கற சேதி ரொம்ப சத்தமாக் கேக்கும். முழிச்சுக்கோங்கறதோட வாயைப் பொத்திடும். அதுதான் அந்த மெதப்பு. ஆனா மூளை ஏமாளி இல்லம்மா. தெனமும் இப்படி நடந்தா ஈடு கட்டப் பாக்கும். அடங்குன்னு சொன்னாக் காதுல வாங்காது. முழிச்சுக்கோங்கறத ஏத்தி ஏத்தி வெச்சுக்கும். அப்புறம் ஒரு நாள் சார் குடிக்காம வந்தா, ஏத்தி வெச்சது மட்டும் தனியா நிக்கும். அதான் கை நடுங்குது, வேர்க்குது, தூக்கம் வரல."

"அப்ப இந்தப் பொட்டு என்னங்க பண்ணும்?" இது அவர்.

"ரெண்டு சேதியையும் சரியான அளவுல பிடிச்சு வெக்கும் சார். நீங்க குடிச்சாலும் ஏறாது, குடிக்கலன்னாலும் நடுங்காது. ஆனா சரியான அளவு எதுன்னு அதுக்கு யாராச்சும் காட்டணும். அதுக்கு உங்க வீட்டுலயே, உங்க சாப்பாடு, உங்க தூக்க நேரம், உங்க வீட்டுச் சத்தத்துலயே வாழற ஒருத்தர் வேணும். குடியே தொடாதவரா இருக்கணும். அவங்க மூளைய ஒரு வாரம் பதிவு பண்ணுவோம். எந்த மணிக்கு எந்தச் சேதி எவ்வளவுன்னு. அதேதான் உங்களுக்கு."

புரிந்துவிட்டது எனக்கு. கம்பெனியில் ஆர்டர் வந்தால் முதலில் ஒரு சாம்பிள் தைத்து அனுப்புவோம். வெளிநாட்டுக்காரன் பார்த்து ஓகே சொல்லி சீல் வைத்து அனுப்பினால், அந்தச் சாம்பிள் என் மேசைக்கு மேலே ஹாங்கரில் தொங்கும். வருகிற பீஸையெல்லாம் அதோடு வைத்துத்தான் பார்ப்போம்.

"சாம்பிளுக்கு நா இருக்கறனுங்க," என்றேன். "என்ற மூளையில ஒரு சொட்டு பட்டதில்லைங்க. இருமல் மருந்துகூட, சாராயம் கலந்திருக்குதான்னு அட்டையைப் படிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. டாக்டர் கணினியில் ஒரு கேள்வியைப் படித்தது. மாதிரி நபர் எப்போதாவது மது அருந்தியதுண்டா? இல்லை. அவ்வளவுதான் பரீட்சை. பாஸாகிவிட்டேன்.

ஒரு வாரம் தலையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். மூளை பளிச்சென்று பதியட்டும் என்று முதல் நாள் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். தேங்காய் எண்ணெய் வைக்கவில்லை, கறை விழுந்துவிடுமோ என்று. செக்கிங் செக்‌ஷன் முழுக்கச் சொல்லியாயிற்று. பக்கத்து மேசை ஜெசிந்தா திண்டுக்கல்காரி, வாய் சும்மா இருக்காது.

"அப்ப இனிமே அண்ணனுக்குள்ளயும் நீங்கதானாக்கா?" என்றாள். "ஒரு வசந்தாமணியையே எங்களால தாங்க முடியல. அந்த மனுசன் பாவம்."

"பொறாமை புள்ள உனக்கு."

"ஆமாக்கா. எனக்கு மூளை இருந்தா நானும் குடுத்திருப்பேன்."

பொட்டு வைத்த அன்று சாயந்திரம் இவர் சோதனைக்காகவே போய்க் குடித்துவிட்டு வந்தார். நேராக நடந்து வந்தார்.

"ஒண்ணுமே ஆகல புள்ள. கொழாத் தண்ணி குடிச்சாப்ல இருக்குது. மூத்திரந்தான் வருது."

மூன்று நாள் முயற்சி செய்து பார்த்தார். நான்காம் நாள் விட்டுவிட்டார். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அவர் நல்ல புருஷன் ஆகிவிட்டார். டிவியைச் சின்னதாக வைத்தார். தட்டைக் கழுவி வைத்தார். நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், திறப்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டார். ரசத்தில் உப்பு இல்லாத அன்றுகூட நன்றாக இருக்கிறது என்றார். எல்லாம் என் மூளையின் மகிமை என்று எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். பத்து நாள் அந்த மாலையோடுதான் அலைந்தேன்.

பதினோராம் நாள் கவனித்தேன். கவனித்தேன் என்றால், அதுவரை கண்ணில் பட்டதுதான், ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

ஏழு மணிக்கு மேல் அவர் உட்காரவே மாட்டேன் என்கிறார். ஏழேகாலுக்குத் தண்ணீர் குடிக்கிறார். ஏழரைக்கு டிவியை ஒரேயடியாக நிறுத்துகிறார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது காதை வாசல் கேட் பக்கம் வைத்து நிற்கிறார். பக்கத்து வீட்டுக் கேட் சத்தம் கேட்டால் தோள் தூக்கிப் போடுகிறது. ஒரு நாள் பார்சல் கொடுக்க வந்த ஆள் எங்கள் கேட்டின் கொண்டியைத் தட்டினான். இவர் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

"யாரோ வர்றாங்க புள்ள."

"பார்சல்காரருங்க."

"மெதுவாப் பேசு. மெதுவாப் பேசு."

ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினால் அதிகம். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. ஒரே மாதத்தில் ஆறு கிலோ குறைந்தார். கை நடுங்கவில்லை, அது நிஜம். ஆனால் கட்டிங் மேசையில் யாராவது பின்னால் வந்து நின்றால் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சூப்பர்வைசர் அவரைப் பண்டல் கட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

"இதுக்கு நா குடிச்சே செத்திருப்பேன்," என்றார் ஒரு நாள். "கழட்டிரச் சொல்லு புள்ள."

கழற்றினால் மறுநாளே கடைக்குப் போவார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்தது கை. இல்லாவிட்டால் ஈரல். கழற்றாவிட்டாலோ மனுசன் என் கண் முன்னாலேயே பயந்து பயந்து கரைந்துபோவார். ரெண்டு நாள் தள்ளிப் போடலாம் என்றேன். குடிக்காத புருஷனை ரெண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள ஆசை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அந்த ரெண்டாவது நாள் சாயந்திரம், ஏழே கால் இருக்கும், அவர் சமையலறைக்குள் போனார். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். எவர்சில்வர் தட்டுகளை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினார். பிளாஸ்டிக் தட்டு இரண்டை முன்னால் எடுத்து வைத்தார். காய் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். குழம்புச் சட்டியை அடுப்பின் உள்பக்கமாகத் தள்ளி வைத்தார், கை எட்டாத இடத்தில்.

நான் நிலைப்படியைத் தாண்டவில்லை. ஏன் என்றால் கண்ணு, அதெல்லாம் நான் செய்வது. இருபத்தாறு வருடமாக, ஏழரைக்கு அவர் குடித்துவிட்டு வருவதற்கு முன்னால், ஏழே காலுக்கு நான் செய்வது. அவர் எவர்சில்வர் தட்டை வீசினால் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும், பிளாஸ்டிக் என்றால் கேட்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னதில்லை, ஜெசிந்தாவிடம் சொன்னதில்லை. அவர் வீட்டுக்குள் வரும்போது எல்லாம் வைத்து முடித்திருப்பேன், அதனால் அவரும் பார்த்ததில்லை.

கேட் கொண்டியின் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று சொல்லிவிடுவேன் நான். கொண்டி ஒரே தடவை விழுந்தால் பாட்டு, சிரிப்பு. தடவித் தடவி மூன்று முறை என்றால் அழுகை, அம்மா நினைப்பு. காலால் உதைத்தால் நான் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். இதையெல்லாம் ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்கும் ஏதோ ஒன்று வருகிறதே என்று.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"வசந்தா, எனக்கு ஒண்ணு சொல்லு. நா யாருக்குப் பயப்படறேன்? கேட்டத் தெறந்துட்டு யாரு வரப்போறா?"



"நீங்கதானுங்க," என்றேன்.

அவர் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். கத்தியை ஒளித்து வைத்த அரிசி டப்பாவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஏழரை மணி வந்தபோது அவருக்குத் தோள் தூக்கிப் போட்டது, எனக்கும் போட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டைப் பார்த்தோம். வருகிற ஆள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார், ஆனாலும் பார்த்தோம்.

மறுநாள் தெளிவகத்தில் டாக்டர் தபசும் திரையைக் காட்டியது.

"கருவியில ஒரு தப்பும் இல்லம்மா. சாம்பிளோட நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஒத்துப்போவுது."

"அதுதானுங்க தப்பு," என்றேன். "சாம்பிளே டேமேஜுங்க."

அதற்கு ஒரு கதை சொன்னேன். எங்கள் கம்பெனியில் ஒரு தடவை சீல் வைத்து வந்த சாம்பிளிலேயே இடது கை அரை அங்குலம் குட்டை. யாரும் அளக்கவில்லை. சாம்பிளை யார் அளப்பார்கள்? எட்டாயிரம் சட்டை அதே மாதிரி தைத்து, எட்டாயிரத்தையும் நான் பாஸ் பண்ணினேன். ஒவ்வொன்றையும் சாம்பிளோடு வைத்துப் பார்த்துத்தான் பாஸ் பண்ணினேன். கப்பல் ஏறப் போகிற நேரத்தில் கையை மாட்டிப் பார்த்தவள் ஜெசிந்தா.

டாக்டர் என் பதிவைத் திரும்ப எடுத்தது. சாயந்திரம் ஏழு மணியிலிருந்து கோடு மலை மாதிரி ஏறியிருந்தது. 'முழிச்சுக்கோ' உச்சியில். 'அடங்கு' என்பது இருக்கிற இடமே தெரியவில்லை.

"இத நான் முன்னாடியே பாத்திருக்கணும்," என்றது. "வீட்டுக்குள்ள குடி இருந்தா, குடிக்காதவங்க மூளையும் ஈடு கட்டிக்கும்னு எனக்குத் தோணல. நாங்க கேட்டது ஒரே கேள்வி. அதுக்கு நீங்க சரியாத்தான் பதில் சொன்னீங்க."

"பதில் சொன்னதோட விட்டனுங்களா? பீத்திக்கிட்டனே."

இவர் டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, இவ இருவத்தாறு வருசமா இப்படித்தான் இருந்திருக்கறாளா? நாப்பது நாளைக்கே என்னால முடியலீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வேறு சாம்பிளுக்கு எங்கே போவது? எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போதுதான் டாக்டர், "நீங்க நிம்மதியா இருக்கற நேரம்னு ஒண்ணு இருக்காம்மா?" என்று கேட்டது. யோசித்துப் பார்த்தேன். இருந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

"காலையில பத்துல இருந்து பதினொண்ணுங்க. செக்கிங் மேசையில. அம்பது மெஷின் ஓடும், ஒண்ணுமே காதுல விழாது. அப்புறம் மத்தியானம் சோறு தின்னுட்டு மேசைக்கடியில வேஸ்ட் துணி மேல கால் மணி நேரம் தூங்குவேனுங்க. அங்க எந்தக் கேட்டும் இல்லீங்க."

டாக்டர் தபசும் பட்டையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டது. காலையில் மேசையில் பீஸ் பார்க்கும்போதும் பட்டை என் தலையில் இருந்தது. மத்தியானம் நான் மேசைக்கடியில் படுத்திருக்க, அந்தப் பெண்ணும் குனிந்து தவழ்ந்து உள்ளே வந்து ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. சூப்பர்வைசர் வந்து யாருடைய கால் இது என்று கேட்டார்.

"சத்தம் போடாதீங்க சார்," என்றாள் ஜெசிந்தா. "அக்காவோட நல்ல மூளைய எடுக்கறாங்க. இருக்கறதே கால் மணி நேரத்துக்குத்தானாம்."

புதுச் சாம்பிள் வைத்த மூன்றாம் நாள் இவர் ஏழு மணி நேரம் தூங்கினார். அதற்குப் பிறகு ஒரே தொல்லைதான், என் செக்கிங் மேசையும் கூடவே அவருக்குள் வந்துவிட்டது. சாயந்திரம் வந்தால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு துவைத்த துணியை ஒவ்வொன்றாகத் திருப்பி நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓரம் கோணல் என்கிறார். ஒரு நாள் என் புளிக்குழம்புச் சட்டியில் சிவப்பு ஸ்டிக்கர். எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டால், என் ரவிக்கையிலேயே ஒட்டிக்கொண்டு வந்ததாம். கட்டிங் மேசைக்குத் திரும்பப் போய்விட்டார். கோடு பிசகவில்லை.

இன்னொன்றும் செய்தார். கேட் கொண்டிக்கு எண்ணெய் விட்டுத் துணி சுற்றினார். அப்புறமும் தினமும் தெருமுனையில் நின்றே குரல் கொடுப்பார்.

"நாந்தான் புள்ள. நா மட்டுந்தான்."

தெருவே சிரிக்கும். அவருக்கு வெட்கமில்லை. அந்தப் பயம் என்னவென்று நாற்பது நாள் உள்ளே இருந்து பார்த்தவர்.

ஆனாலும் கண்ணு, எனக்குத் தட்டு மேல்தட்டுக்குத்தான் போகிறது. ஏழே கால் ஆனால் கை தானாக ஏற்றுகிறது. அவர் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, என் மூளைக்கு யாரும் சொல்லவில்லையே. ஒரு சாயந்திரம் அவர் பின்னால் வந்து நின்று, நான் கத்தியைச் சுற்றுவதைப் பார்த்தார். என் கையிலிருந்து வாங்கி, சுற்றியதைப் பிரித்து, பழைய இடத்தில் வைத்தார்.

மறுநாள் அவர்தான் என்னைத் தெளிவகத்துக்கு அழைத்துப் போனார்.

"இவளுக்கும் ஒரு பொட்டு வெச்சுருங்க."

டாக்டர் சங்கடப்பட்டது. "வெக்கலாம் சார். ஆனா திட்டம் குடிக்கறவங்களுக்கு மட்டுந்தான். ஃபார்ம்ல முதல் கேள்வியே அது. இல்லன்னு போட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கமே போகாது."

"சாம்பிள் யாருங்க?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கு சார் போதும். அவர் மூளையில இப்ப ஓடறது உங்க செக்கிங் மேசையும் அந்தக் கால் மணி நேரமுந்தான்."

இவர் என் பக்கம் திரும்பவில்லை. கட்டைவிரலால் அந்தக் குட்டை விரலைத் தடவிக்கொண்டிருந்தார். இருமல் மருந்து அட்டையைப் படித்துப் படித்துக் காப்பாற்றி வைத்திருந்த என் பெயரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். ஜெசிந்தாவுக்குத் தெரிந்தால் என்னவெல்லாம் சொல்வாள் என்றும் நினைத்தேன். அப்புறம் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"கேளுங்க. போட்டுக்குங்க."

டாக்டர் என்னைப் பார்த்தது. பிறகு திரையைப் பார்த்து, மற்ற எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டது.

"எத்தன வருஷமாக் குடிக்கறீங்க?"

"இருவத்தாறுங்க."

"கடைசியா எப்பக் குடிச்சீங்க?"

"நேத்து பொழுதோட," என்றேன். "ஏழரை மணிக்குங்க."

டாக்டர் அதைத் தட்டச்சு செய்தது. அடுத்த பக்கம் திறந்தது.